விக்காத துப்பாக்கி

அத்தியாயம் 6

செத்துப்போன ஹாலிஸ் ஸ்ட்ரூப் அன்றைக்கும் சரியாக ஏழேகாலுக்குச் சுட ஆரம்பித்தான். ஒரு வெடி. நிதானமாக ஆறு வரைக்கும் எண்ணலாம். இன்னொரு வெடி. மறுபடி ஆறு. மூன்றாவது வெடி. அதோடு காடு வாயை மூடிக்கொண்டது.

எனக்குப் பேய் மேல் பயமெல்லாம் கிடையாது. பேய் இருக்கிற இடத்துக்கு நான் போவதில்லை, அவ்வளவுதான். ஆனால் ஓபல் டாக்கெட்டிடம் சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்த வசதி கிடைக்காது. இருபத்தாறு வருஷம் ஆர்கன்சா மாநிலத்தில் வேட்டைக் காவல் அதிகாரியாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு மாதமே துப்பறிகிறேன் என்று பலகை மாட்டியவள் அவள். அந்தப் பலகைக்குக் கீழே இருக்கிற ஒரே உதவியாளன் ஆர்லிஸ் பெக், அதாவது நான். போன வருஷம் வரைக்கும் டெல்மரின் துப்பாக்கிக் கடையில் நின்று வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்தவன்.

ஹாலிஸின் வீட்டுக்குப் பின்னால், வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் ஓடுகிற வாய்க்கால் கரையில் நின்றிருந்தோம். எங்கள் பக்கத்தில் நிற்கவேண்டிய அவன் மனைவி வெர்லீன் முதல் வெடிக்கே தண்ணீரில் இறங்கிவிட்டாள். இரவு உடைக்கு மேல் புருஷனுடைய வேட்டைக் கோட்டு. டிசம்பர் மாதத்துத் தண்ணீர், ஓரமெல்லாம் ஐஸ் ஏடு கட்டியிருந்தது. மூன்றாவது வெடி கேட்டபோது தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வந்துவிட்டது, அப்போதும் அவள் நிற்கவில்லை. ஓபல் அக்கா பூட்ஸோடு குதித்துத்தான் அவளை இழுத்து வந்தாள்.

சமையலறையில் கம்பளியைச் சுற்றி அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தோம். சூடான காபியைக் கையில் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை, கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பல் தந்தியடித்தது. ஆனால் பேச்சு மட்டும் ரொம்பத் தெளிவாக வந்தது.

“நேத்து இடுப்பு. இன்னிக்கு நெஞ்சு. நாளைக்கு என்னைப் பிடிக்காதீங்க ஓபல்.”

நாளை ஏழேகாலுக்கு முன்னால் சுடுவது யார் என்று சொல்லிவிடுகிறேன், அதுவரைக்கும் வீட்டை விட்டு வெளியே வராதே என்று அக்கா கேட்டுக்கொண்டாள்.

“யாருன்னு எனக்குத் தெரியும். எதுக்குக் கூப்பிடறாரு, அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் என் வாயில் ஏதாவது ஒரு கிண்டல் தயாராக இருக்கும். அன்றைக்கு அதை விழுங்கிவிட்டேன்.

ஹாலிஸ் போன வருஷம் இதே டிசம்பரில் செத்தான். குளிர்காலத்தில் நாங்கள் ஓக் மரக்காட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்டு, இறங்கி வருகிற வாத்துக்காகக் காத்திருப்போம். தன் சொந்தக் காட்டில், தொடையளவு தண்ணீரில், மூழ்கிக் கிடந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் அவன் கால் மாட்டிக்கொண்டது. போன் படகில் இருந்தது, படகு எட்டாத தூரத்தில் இருந்தது. மத்தியானம் போய்ப் பார்த்தபோது குளிரில் விறைத்து, மரத்தில் சாய்ந்தபடி நின்றிருந்தான். துப்பாக்கியில் ஒரு தோட்டாகூட மிச்சமில்லை, பையில் ஒரு வாத்தும் இல்லை. காலையில் சுட்டுக்கொண்டிருந்தான், பாவம், அப்புறம் மாட்டிக்கொண்டான் என்று விசாரணையை முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் காட்டுக்குள் யாரையும் வெர்லீன் விடவில்லை. இந்த வருஷ வாத்து வேட்டை சீசன் திறந்த நாளிலிருந்து காலை தவறாமல் இந்த மூன்று வெடி.

எங்கள் ஊரில் சீசன் நேரத்தில் மூன்று வெடி கேட்பது சேவல் கூவுகிற மாதிரி. வாத்து சுடுகிற துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். அதற்காகவே தோட்டா நிரப்புகிற குழாய்க்குள் ஒரு கட்டையைச் செருகி அடைத்து வைத்திருப்போம். அதனால் பணக்காரன் துப்பாக்கியும் மூன்று, பஞ்சைப் பரதேசி துப்பாக்கியும் மூன்று. ஆனால் வாத்தைக் கண்டவன் மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவான். ஆறு ஆறாக எண்ணிச் சுடுகிற வேட்டைக்காரனை நான் பார்த்ததே இல்லை.

வெர்லீனின் படகை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனோம். இந்த வருஷம் மழை குறைவு, தண்ணீர் சில இடத்தில் கணுக்காலுக்குத்தான் இருந்தது. அதனால் போன வருஷம் தண்ணீருக்கடியில் கிடந்த அந்த இரண்டு கட்டைகளும் வெளியே தெரிந்தன. ஒரு கால் நுழைகிற இடைவெளி. நான் அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

“பேய்க்குக் காலே கிடையாதும்பாங்க. இந்தப் பேய் பன்னெண்டாம் நம்பர் பூட்ஸ் போடுதுக்கா” என்றேன். சேற்றில் தடம் பச்சையாக இருந்தது. சுட்டவன் பின்பக்கமாகப் படகில் வந்து, சுட்டுவிட்டு, அதே வழியில் போய்விட்டிருக்கிறான்.

அக்கா என் பேச்சைக் காதில் வாங்காமல் குனிந்து கட்டைகளின் ஓரத்தில் பொறுக்கினாள். மஞ்சள் நிறக் காலித் தோட்டாக்கள். மூன்றில் மருந்து வாசனை இன்னும் போகவில்லை. மற்றவை பழசு, சேறு அப்பியவை. பெரும்பாலும் ஒரே காலடியில் விழுந்து கிடந்தன. இது என்ன தோட்டா என்று என்னைக் கேட்டாள்.

பறக்கவிட்ட களிமண் தட்டைச் சுட்டு உடைக்கிற விளையாட்டுக்கான லேசான தோட்டா, உள்ளே ஈய ரவை என்றேன். வாத்துக்கு எஃகு ரவைதான் போடவேண்டும், ஈயத்தோடு பிடிபட்டால் அபராதம். அதையும் மீறி இதைக் கொண்டுவந்தவன் வாத்துக்காக வரவில்லை.

“ஏன் காலடியிலயே விழுந்திருக்கு?”

இதைக் கேட்டதும் பழைய கடைக்காரன் எனக்குள் எழுந்துவிட்டான். ஒரே துப்பாக்கியில் வாத்தும் சுடவேண்டும், ஞாயிற்றுக்கிழமை தட்டும் உடைக்கவேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் பத்து வருஷம் பாடிய பாட்டு ஒன்று உண்டு. தானாகத் தோட்டா மாற்றிக்கொள்கிற துப்பாக்கியில் இரண்டு ரகம். கேஸ் ரகம், வெடித்த புகையிலேயே கொஞ்சம் திருடி அந்த வேகத்தில் காலியை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றும். தோளுக்கு மெத்தென்று இருக்கும், லேசு கனம் எது போட்டாலும் தின்னும். ஆனால் மாமியார் வந்திருக்கிற வீடு மாதிரி எப்போதும் துடைத்து வைக்கவேண்டும். உதை ரகம், தோளில் உதைக்கிறதே, அந்த உதையிலேயே ஓடும். சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடும். கனமான வாத்துத் தோட்டா போட்டால் காலியை இரண்டு எட்டு தூரத்துக்கு வீசி எறியும். லேசான தோட்டா போட்டால் உதை பத்தாமல் விக்கும், காலி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துக் காலியைத் தள்ளவேண்டும். அது காலடியில்தான் விழும்.

“அப்ப இவன் சுட்டது உதை ரகம். விக்க விக்கச் சுட்டிருக்கான்.”

ஆமாம் என்றேன். ஹாலிஸ் வைத்திருந்ததும் அதே ரகம்தான். கேஸ் ரகம் வாங்கலாம் என்று வந்தவனை, சேற்றில் நிற்கிறவனுக்கு இதுதான் ஐயா துப்பாக்கி என்று பேசிப் பேசித் தலையில் கட்டியது நான். மறு ஞாயிறே அவன் லேசான தோட்டாவோடு தட்டு சுடப் போய், ஊர் முன்னால் விக்கி விக்கி மானம் கெட்டான்.

அக்கா, காலி பறக்கிற வலது பக்கமாக நடந்தாள். ஒன்று, இரண்டு எட்டு. அங்கே ஒரு கிழட்டு ஓக் மரம், பாதி வாசல் திறந்த மாதிரி பெரிய பொந்தோடு நின்றது. தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் சிவப்பு நிறக் காலித் தோட்டாக்கள். பொந்தில் ஏழு, கீழே வேர்ச் சேற்றில் இரண்டு. ஒன்பது.

எஃகு ரவை, கனமான வாத்துத் தோட்டா, ஹாலிஸ் என்னிடம் வாங்கின சரக்கு என்று அடையாளம் சொன்னேன். அணில் ஏதும் வேட்டைக்குக் கிளம்பியிருக்கிறதோ என்றும் கேட்டு வைத்தேன். அக்கா அந்த ஒன்பதையும் இரண்டு தடவை எண்ணிக் கோட்டுப் பையில் போட்டாள். அப்புறம் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

துப்பாக்கி விக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் எவன்? அதைக் கேட்க டெல்மர் கடையை விட்டால் வேறு இடமில்லை. டெல்மருக்கு நான் வேலையை விட்டுப் போனதில் வருத்தம், ஆனால் கடையில் அமைதி கிடைத்ததில் சந்தோஷம். வாப்பா வாயாடி என்று வரவேற்றான். வாத்தும் தட்டும் சுட ஒரே துப்பாக்கி வேண்டும் என்று இந்த சீசனில் யாராவது அலைகிறானா என்று கேட்டதும், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஒரு மாதமாக ஒருத்தன் டெல்மரின் பிராணனை வாங்கிக்கொண்டிருக்கிறானாம். பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒவ்வொன்றாக நான்கு துப்பாக்கி எடுத்துப் போனான். முதல் இரண்டும் கேஸ் ரகம். அருமையான சாமான், இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்தான். என்ன குறை என்று கேட்டால், லேசான தோட்டா போட்டாலும் விக்கவில்லை என்றானாம்.

“கெட்டுப்போன சாமானைத் திருப்பித் தர்றவனைப் பாத்திருக்கேன் ஓபல். கெடலைன்னு திருப்பித் தர்றவனை இப்பத்தான் பாக்கறேன்” என்றான் டெல்மர்.

மூன்றாவது உதை ரகம், கொஞ்சம் பழகிய துப்பாக்கி. அதுவும் சரியாக விக்கவில்லையாம். கடைசியில் புத்தம் புதுசாக, ஹாலிஸ் வாங்கியதைப் போலவே ஒன்றை எடுத்துப் போயிருக்கிறான். மஞ்சள் தோட்டா இரண்டு பெட்டி. எத்தனை டிகிரி குளிரில் அதிகமாக விக்கும் என்று வேறு கேட்டானாம்.

டெல்மர் பேரைச் சொன்னான். எல்டன் க்ரெல். ஹாலிஸின் பக்கத்து நிலத்துக்காரன், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன்.

வண்டியில் போகும்போது நான் சும்மா இருக்க முடியாமல் பேசிக்கொண்டே வந்தேன். செத்த நண்பனின் நிலத்தை அடிக்கத்தான் பேய் நாடகம் ஆடுகிறான், வெர்லீன் பயந்து விற்றுவிட்டால் இவனுக்குக் காடு கிடைக்கும், கதை முடிந்தது என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். பயமுறுத்துகிறவனுக்குத் துப்பாக்கி விக்கினால் என்ன, விக்காவிட்டால் என்ன என்று அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். என் தீர்ப்பு அங்கேயே செத்தது.

எல்டனை ஊருக்கு வெளியே தட்டு சுடுகிற மைதானத்தில் பிடித்தோம். வேலை நாள், கூட்டமில்லை. கடைசி மேடையில் தனியாக நின்றிருந்தான். எறிகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற பெண், அவன் பக்கம் கண்ணைக் காட்டி, அந்த ஆள் தட்டை எறியச் சொல்கிறார், அதை விட்டுவிட்டு வானத்தைச் சுடுகிறார் என்று எங்களிடம் முணுமுணுத்தாள். நாங்கள் பார்க்கும்போதே ஆரஞ்சுத் தட்டு ஒன்று முழுசாகப் பறந்து புல்லில் விழுந்தது. எல்டன் சுட்டான், கையால் இழுத்தான், காலி காலடியில் விழுந்தது. மறுபடி சுட்டான்.

எங்களைப் பார்த்ததும் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ஐம்பது வயசு ஆள், ஒரு வருஷத்தில் எழுபது ஆகியிருந்தான். அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் துப்பாக்கியை முடிவு செய்தாய் என்று சாதாரணமாக விசாரித்தாள்.

“எதுவும் சரியா வரலை ஓபல்” என்றான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எங்கள் நடுவில் வைத்தான். தினமும் காலையில் தன் காட்டில், போன வருஷம் தான் இருந்த அதே இடத்தில் இந்த போனைப் பதிவு செய்ய விட்டுவிட்டு, ஹாலிஸ் நின்ற இடத்துக்குப் போய்ச் சுடுவானாம். திரும்பி வந்து கேட்பானாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெர்லீன் தண்ணீரில் இறங்குவது அவனுக்குத் தெரியாது. அதை அக்கா சொன்னதும் அவன் முகம் வெளிறியது. சத்தியமாகத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று இரண்டு முறை சொன்னான்.

பிறகு அவனாகவே ஆரம்பித்தான். அந்தக் காலையில் அவன் தன் படகில் உட்கார்ந்திருந்தான். ஹாலிஸின் பக்கத்திலிருந்து மூன்று வெடி கேட்டது, நிதானமாக, விட்டு விட்டு. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு மூன்று. அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொரு மூன்று. அதற்குப் பிறகு எதுவுமில்லை.

“நீங்க வேட்டைக் காவல்ல இருந்தவங்க. விட்டு விட்டு மூணு வெடி கேட்டா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்.”

காட்டில் மாட்டிக்கொண்டவன் உதவிக்குக் கூப்பிடுவது என்று அக்கா சொன்னாள்.

“எனக்கும் தெரியும். பத்து வயசுலேர்ந்து தெரியும். ஆனா நான் காபி குடிச்சிக்கிட்டு சிரிச்சேன்.”

அவன் என்னைத்தான் பார்த்தான். கோபம்கூட இல்லாத பார்வை. கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“இவன் காலையுணவுக் கடையில சொன்னதுதான். ‘ஹாலிஸ் துப்பாக்கி மூணு தோட்டா சுட்டு முடிக்கறதுக்குள்ள வாத்து பக்கத்து மாநிலம் லூசியானாவுக்கே போய் மத்தியானச் சாப்பாட்டையும் முடிச்சிடும்’னு. ஊரே ஒரு மாசம் அதையே சொல்லிச் சிரிச்சுது. நிதானமா மூணு கேட்டதும் எனக்கு வேற நெனப்பே வரலை. ஹாலிஸ் விக்கறான்டா, லேசான தோட்டாவைக் கொண்டு வந்துட்டான் போலன்னு சிரிச்சேன்.”

சொன்னது நான்தான். நல்ல ஜோக் என்று எனக்கு ரொம்பப் பெருமை. டெல்மர் கடையில் சொன்னேன், காலையுணவுக் கடையில் சொன்னேன், தேவாலய வாசலில் ஹாலிஸ் முன்னாலேயே சொன்னேன். அவனும் சிரித்தான், என் முதுகில் தட்டினான்.

எல்டன் போனை என் பக்கம் தள்ளினான். “நீதானே வித்தவன். நீ கேட்டுச் சொல்லு. கேஸ் ரகத்துல சுட்டுப் பாத்தேன், இதுல சுட்டுப் பாத்தேன், எனக்கு எல்லாம் ஒரே மாதிரி கேக்குது. அன்னிக்குக் கேட்டது விக்கலா, கூப்பாடா? விக்கல்னா நான் தூங்கிடுவேன் தம்பி.”

இந்த ஒரு மாதமாக இந்த மனுஷன் துப்பாக்கியே தேர்ந்தெடுக்கவில்லை. தான் உயிரோடு இருப்பதற்கு ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். விக்கல்தான் அண்ணே, போய்த் தூங்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது ஓபல் அக்கா கோட்டுப் பையிலிருந்து அந்த ஒன்பது சிவப்புக் காலிகளையும் எடுத்து பெஞ்சில் ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தாள்.

“இதை அவனுக்குச் சொல்லு ஆர்லிஸ்.”

அவற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. காலையில் என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன், கேட்க வேண்டிய நான் மட்டும் கேட்கவில்லை. கனமான வாத்துத் தோட்டா. உதை ரகம் அதற்கு விக்கவே விக்காது. அந்த ஓக் மரம், ஹாலிஸ் நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டு. கையால் இழுத்திருந்தால் காலி காலடியில் விழுந்திருக்கும். பொந்து வரைக்கும் பறந்திருக்கிறது, துப்பாக்கியே வீசி எறிந்திருக்கிறது. வாத்தைத் துரத்திச் சுடுகிறவன் இப்படியும் அப்படியும் திரும்புவான், காலி நாலு பக்கமும் சிதறும். ஒன்பதும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது என்றால் சுட்டவன் ஒரு அங்குலம்கூடத் திரும்பவில்லை. கால் மாட்டியவன் திரும்ப முடியாது.

இதையெல்லாம் சொன்னேன். மூன்றையும் ஒரே மூச்சில் சுடக்கூடிய துப்பாக்கி அது. அவன் எண்ணி எண்ணிச் சுட்டிருக்கிறான், யாரும் தப்பாக நினைத்துவிடக்கூடாது என்று.

எல்டன் அழவில்லை. அந்தக் காலிகளில் ஒன்றைக் கையில் எடுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மைதானத்தில் இயந்திரப் பெண் சோதனைக்காக ஒரு தட்டை எறிந்தாள், அது யாரும் சுடாமலே போய் விழுந்தது.

கொஞ்ச தூரம் தள்ளிப் போய் அக்காவிடம், காலையிலேயே தெரிந்துதான் என்னை இழுத்து வந்தாயா என்று கேட்டேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவள் மேலா என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“பொந்துல கை விட்டப்பவே தெரிஞ்சுது. நான் சொன்னா அவன் நம்பமாட்டான், துப்பாக்கியை வித்தவன் சொன்னா நம்புவான்” என்றாள். பிறகு, வெர்லீனிடம் யார் சொல்வது என்று கேட்டாள். நான் சொல்கிறேன் என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மூன்று பேரும் அங்கே போனோம். வெர்லீன் பின்பக்கப் படிக்கட்டில் காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாளைக்குப் போட்டுக்கொள்ளவோ என்னவோ, ஹாலிஸின் நீர்ப் பூட்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஈரப் புல்லில் உட்கார்ந்தேன். சுட்டது எல்டன், ஏன் சுட்டான் என்று சொன்னேன். ஒன்பது சிவப்புத் தோட்டாவைச் சொன்னேன். என் ஜோக்கைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் கூப்பிட்டார் அண்ணி, மூன்று தடவை கூப்பிட்டார், ஊரில் கேட்டவர்கள் என் பேச்சை நம்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லி முடித்தேன். என்னைத் திட்டுவாள், அடிப்பாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

வெர்லீன் பக்கத்தில் இருந்த பூட்ஸை நேராக நிறுத்தி வைத்தாள்.

“ஒன்பதுதான்” என்றாள் பிறகு. “நானும் ஒன்பதுதான் எண்ணினேன்.”

எல்டன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். சன்னல் திறந்திருந்துது. உன் ஜோக்கைத் தனியா எனக்கு நானே சொல்லிக்கிட்டு சிரிச்சேன் ஆர்லிஸ். சாயங்காலம் அவர்கிட்டச் சொல்லிக் கிண்டல் பண்ணணும்னு நெனச்சேன்.”

ஓபல் அக்கா அவள் தோளில் கை வைத்தாள். வெர்லீன் அந்தக் கையைத் தட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

“அவர் கூப்பிட்டாரான்னு நான் உங்களைக் கேக்கலை ஓபல். அது எனக்குத் தெரியும். நான் கேட்டேன்னு அவருக்குத் தெரியலையே, அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியாம தண்ணியில போய் நின்னேன்.”

எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஹாலிஸின் துப்பாக்கி இருந்தது. விசாரணை முடிந்து திருப்பிக் கொடுத்த பிறகு உறையை விட்டு அவள் எடுத்ததே இல்லை. எல்டனிடம் கையை நீட்டி ஒரு தோட்டா கேட்டாள். அவன் வண்டிக்கு ஓடிப்போய் வாத்துத் தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்தான், அவள் அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“மூணு கேட்டா, கேட்டவங்க பதிலுக்கு ஒண்ணு சுடணும். வந்துக்கிட்டிருக்கோம்னு அர்த்தம். அப்படித்தானே ஓபல்?”

அப்படித்தான் என்றாள் அக்கா. 

வெர்லீன் படியில் நின்று காட்டுக்கு மேலே வானத்தைப் பார்த்துச் சுட்டாள். நீர் கட்டிய காட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் வாத்துகள் எழுந்து, இருட்டாகிற வானத்தில் இரண்டு வட்டம் அடித்து, மறுபடி அதே மரங்களுக்குள் இறங்கின. நாங்கள் நின்றபடியே காது கொடுத்துக் கேட்டோம். நான் நிஜமாகவே கேட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எந்தச் சத்தமும் வரவில்லை. எல்லோரையும் விட அதிக நேரம் கேட்டது அவள்தான்.

பிறகு துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள். பூட்ஸை எடுத்து எல்டனிடம் நீட்டி, உனக்குச் சரியாக இருக்கும், கொண்டுபோ என்றாள். சாப்பிட்டீர்களா என்று எங்களைக் கேட்டாள். இல்லை என்று எல்டன்தான் சொன்னான்.